நூறு டாலர் வவுச்சரும் பூட்டிய கதவுகளும்: சியாட்டில் தேர்தலில் கற்றுக்கொண்டவை

சியாட்டில் நகர எல்லைக்குள் குடியிருக்கும் நம்மவர்கள் பலருக்கு, நகரத் தேர்தல் நடக்கும் ஆண்டுகளில் தங்கள் பெயரில் நூறு டாலர் ஒதுக்கப்படுகிறது என்பதே தெரியாது. கையில் வாங்கிச் செலவழிக்கிற பணம் இல்லை. 25 டாலர் மதிப்புள்ள நான்கு வவுச்சர்கள், தேர்தலில் நிற்கும் வேட்பாளர்களுக்குக் கொடுப்பதற்கு மட்டும். டெமாக்ரசி வவுச்சர் என்று பெயர். 2019-இல் ஒரு கவுன்சிலர் வேட்பாளருக்காக இந்த வவுச்சர்களைத் திரட்டும் வேலையில் தன்னார்வலராகச் சேர்ந்தேன், அதற்கப்புறமும் தேர்தல் வந்தால் ஏதாவது ஒரு வகையில் அந்தப் பக்கம் போய்விடுகிறேன். அப்போது பார்த்ததையும், இதில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவக்கூடியதையும் எழுதுகிறேன்.

திட்டம் எப்படி வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015 நவம்பரில் இனிஷியேட்டிவ் 122 என்று ஒரு சட்ட முன்மொழிவை மக்கள் வாக்கெடுப்புக்கு வைத்தார்கள், சுமார் 63 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். சொத்து வரியிலிருந்து ஆண்டுக்கு 30 லட்சம் டாலர், பத்து ஆண்டுகளுக்கு. ஒரு சராசரி வீட்டுக்காரருக்கு வருடத்துக்குப் பதினொன்றரை டாலர் வரும் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். அதே சட்டத்தில் இன்னொரு பகுதியும் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. நகராட்சியோடு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தம் வைத்திருப்பவர்களும், நகராட்சியில் காரியம் நடக்க லாபியிங்குக்கு 5,000 டாலருக்கு மேல் செலவழித்தவர்களும் நகர வேட்பாளர்களுக்கு நன்கொடை தரக்கூடாது. ரோடு போடுகிற கான்ட்ராக்டரிடமே தேர்தல் செலவுக்கு வாங்குவது எதில் போய் முடியும் என்று ஊரில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இந்த இரண்டாவது பகுதிதான் சட்டென்று புரியும்.

வவுச்சர் இல்லாத தேர்தலில் வேட்பாளரின் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு இதன் அருமை தெரிந்தது. 'கால் டைம்' என்று அமெரிக்கத் தேர்தல் வேலை செய்பவர்கள் ஒன்றைச் சொல்வார்கள். வேட்பாளரை ஓர் அறையில் உட்காரவைத்து, ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து, மணிக்கணக்காகப் போன் போடவைப்பார்கள். பட்டியலில் இருப்பவர்கள் ஏற்கெனவே யாருக்காவது பணம் கொடுத்துப் பழகியவர்கள்: வக்கீல்கள், கட்டட முதலாளிகள், தொழிற்சங்கத் தலைவர்கள், வசதியான நண்பர்கள். ஒருவர் இருநூறு டாலர் தருகிறேன் என்பதற்கு முன் அவருடைய குறை என்ன என்பதைக் கேட்க வேண்டும். இது லஞ்சம் இல்லை. ஆனால் மூன்று மாதம் தினமும் அந்த மாதிரி ஆட்களுடைய குறைகளை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கிற ஒருவருக்கு, ஊரின் பிரச்சினை என்றால் அவர்களுடைய பிரச்சினைதான் நினைவுக்கு வரும். செல்வாக்கு என்பது பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது, பெட்டி கைமாறித்தான் ஆகவேண்டும் என்பதில்லை.

வவுச்சர் வந்தால் பட்டியலே மாறிவிடுகிறது. அபார்ட்மென்டில் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் ஒரு பாட்டியிடமும் நூறு டாலர் இருக்கிறது, ஏரியைப் பார்த்தபடி வீடு கட்டியவரிடமும் அதே நூறு டாலர்தான். ஆக, வேட்பாளர் அந்தப் பாட்டி வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு ஒரு காரணம் வந்துவிடுகிறது.

நான் அப்போது இருந்தது நகரின் தெற்கே பீக்கன் ஹில் பக்கம். லைட் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்திலேயே வியட்நாமியக் குடும்பங்கள், சோமாலியர்கள், பிலிப்பினோக்கள், சீனக் குடும்பங்கள் என்று எல்லோரும் கலந்து இருப்பார்கள். அங்கே நடந்த ஒரு சந்திப்பை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஒரு வியட்நாமிய அம்மாள், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், மகள் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். வவுச்சர் வந்ததா என்று கேட்டால் இல்லை என்றார்கள். நகராட்சியிலிருந்து இப்படி ஒரு கவர் வந்திருக்கும் என்று மாதிரி ஒன்றைக் காட்டியதும், அந்த அம்மாள் எழுந்து போய் சமையலறையில் மின்சார பில்களும் மளிகைக் கடைக் கூப்பன்களும் செருகி வைத்திருந்த ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். பிரிக்காத கவர் அதில் இருந்தது. உள்ளே நான்கு வவுச்சர்கள், ஒவ்வொன்றிலும் அவர் பெயர் அச்சாகியிருந்தது. எங்கள் வேட்பாளர் அந்த மேசையில் உட்கார்ந்து பேசியது முக்கால் மணி நேரம் இருக்கும். பெரும்பாலும் ஒரே விஷயம்: கிளினிக்குக்குப் போகிற வழியில் நடைபாதை உடைந்து கிடக்கிறது, மழைக்காலத்தில் அதில் நடக்க முடியவில்லை. நகர அரசியலில் எத்தனையோ கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன், அந்த நடைபாதையைப் பற்றி யாரும் அதற்கு முன் பேசி நான் கேட்டதில்லை. அடுத்த விவாத மேடையில் எங்கள் வேட்பாளர் தெருப் பெயரோடு அதைச் சொன்னார்.

அந்த அம்மாள் கடைசியில் இரண்டு வவுச்சர்களைத்தான் கொடுத்தார். மீதி இரண்டை இன்னொரு வேட்பாளரைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றார். அதுதான் சரியான முறை என்று எனக்குத் தோன்றியது. நான்கையும் ஒருவருக்கே தரலாம், பிரித்தும் தரலாம், உங்கள் வார்டில் நிற்காதவருக்கும் தரலாம். கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது.

இனி வேலையைப் பற்றி. வேட்பாளராக நிற்க நினைப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, வவுச்சர் கையில் வந்ததாலேயே பணம் வந்துவிடாது. முதலில் தகுதி பெற வேண்டும். வார்டு கவுன்சிலர் என்றால் குறைந்தது 150 பேரிடமிருந்து தலா 10 டாலராவது நன்கொடையும் கையெழுத்தும் வாங்க வேண்டும், அதில் பாதிப் பேர் அந்த வார்டுக்காரர்களாக இருக்க வேண்டும். நகரம் முழுவதற்குமான இடம் என்றால் 400 பேர், மேயருக்கு 600. இது நிஜமான சொந்தப் பணம், வவுச்சர் கணக்கில் வராது. பொது விவாதங்களில் கலந்துகொள்கிறேன் என்றும், செலவு வரம்புக்குள் நிற்கிறேன் என்றும் உறுதி தர வேண்டும். 2019-இல் வார்டு வேட்பாளருக்கு முதல் சுற்றான பிரைமரி வரை 75,000 டாலர், மொத்தமாக ஒன்றரை லட்சம் டாலர் என்பது வரம்பு. வவுச்சர்கள் பிப்ரவரி வாக்கில் தபாலில் வரும். அதற்குள் அந்த 150-ஐ முடித்துவிட்டவர்களுக்கு மார்ச்சிலேயே பணம் வர ஆரம்பிக்கும், முடிக்காதவர்கள் கட்டுக்கட்டாக வவுச்சர் வைத்துக்கொண்டு போஸ்டர் அடிக்கக் காசில்லாமல் இருப்பார்கள். பத்து டாலர் வேலையைக் குளிர்காலத்திலேயே முடிக்க வேண்டும். உறவினர், நண்பர், கோயில், சர்ச், பள்ளிக்கூட வாசல் எல்லாம் இந்தக் கட்டத்துக்குத்தான் உதவும்.

அப்புறம் கையெழுத்து. நம்மில் பலர் இதை அற்பமாக நினைப்போம். வவுச்சரில் போடும் கையெழுத்தை கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) தேர்தல் அலுவலகம் தன்னிடம் பதிவில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். வயதானவர்களுக்குக் கை நடுங்கும், சிலர் பதிவு செய்தபோது தாய்மொழியில் போட்டுவிட்டு இப்போது ஆங்கிலத்தில் போடுவார்கள். பொருந்தவில்லை என்றால் அந்த வவுச்சர் நிற்கும், மறுபடி அவரைத் தேடிப்போக வேண்டும். வாங்கும்போதே, நீங்கள் ஓட்டுச் சீட்டுக் கவரில் எப்படிக் கையெழுத்துப் போடுவீர்களோ அப்படியே போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இந்த அலைச்சல் மிச்சம். தேதியும் எழுதியிருக்கிறதா என்று வாசலிலேயே பார்த்துவிட வேண்டும்.

கவரைக் குப்பையில் போட்டவர்கள் நிறையப் பேர். விளம்பரத் தபால் என்று நினைத்திருப்பார்கள். அவர்களுக்கு மாற்று வவுச்சர் கேட்கும் படிவம் இருக்கிறது, அது எப்போதும் பையில் இருக்க வேண்டும். இணையத்திலும் கொடுக்கலாம், ஆனால் என் அனுபவத்தில், வாசலில் நிற்கும்போது முடியாதது அப்புறம் வீட்டில் உட்கார்ந்து முடிவது அபூர்வம்.

பெரிய அபார்ட்மென்டுகள்தான் மிகவும் கஷ்டம். கீழே கதவு பூட்டியிருக்கும், உள்ளே யாராவது கூட்டிப்போகாமல் நுழைய முடியாது. அந்தக் கட்டடத்தில் குடியிருக்கும் ஒருவர் தன் வீட்டில் டீ போட்டு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டால் ஒரே மாலையில் நடக்கிற வேலை, வெளியே நின்று பஸ்ஸரை அமுக்கிக்கொண்டிருந்தால் ஒரு மாதமானாலும் நடக்காது. கொலம்பியா சிட்டியில் கோடைக்காலத்தில் கூடும் உழவர் சந்தை, நூலக வாசல், பஸ் நிறுத்தம் இவையெல்லாம் நல்ல இடங்கள், ஆனால் அங்கே வருகிறவர்கள் கையில் வவுச்சர் இருக்காது. மாற்றுப் படிவத்தின் அருமை அங்கேதான் தெரியும்.

நம்மவர்களிடம் பேசும்போது வருகிற சங்கடங்கள் வேறு. முதல் கேள்வியே, "ஓட்டுக்குப் பணமா?" என்பதுதான். 2019 ஏப்ரலில் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலே பணப்பட்டுவாடாவால் ரத்தானது, அந்த நேரத்தில் இந்தப் பேச்சு வந்தால் வேறு எப்படிக் கேட்பார்கள். பொறுமையாகச் சொல்ல வேண்டும்: இது வேட்பாளர் உங்களுக்குத் தருவது இல்லை, நீங்கள் வேட்பாளருக்குத் தருவது, ஊர்ப் பொதுப் பணத்திலிருந்து, கணக்கோடு. வவுச்சரைக் காசுக்கு விற்பதும் வாங்குவதும் சட்டவிரோதம்.

அடுத்தது விசா. எச்-1பி-இல் இருப்பவர்களும் அந்த விசாவைச் சார்ந்து வந்த அவர்களுடைய துணைவர்களும் வவுச்சரும் தர முடியாது, சொந்தப் பணமும் தரக்கூடாது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமே தடுக்கிறது, நகரத் தேர்தலுக்கும் அது பொருந்தும். நண்பர் கேட்கிறாரே என்று பத்து டாலர் போட்டுவிட்டால் பின்னால் குடியேற்ற விஷயத்தில் தலைவலி. வாட்ஸ்அப் குழுவில் நன்கொடை இணைப்பைப் போடும்போது இதை முதல் வரியிலேயே எழுதுங்கள். சம்பளம் வாங்காமல் தன்னார்வலராகத் துண்டறிக்கை கொடுக்கத் தடையில்லை.

ஆனால் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் திட்டத்தில் இடம் உண்டு. நான் சேர்ந்த காரணமே அதுதான். ஓட்டுப் போட முடியாது, வரி மட்டும் கட்டிக்கொண்டிருந்த எனக்கு, நகர அரசியலில் ஒரு நூறு டாலர் எடையாவது கிடைத்தது. வாக்காளராகப் பதிவு செய்தவர்களுக்கு வவுச்சர் தானாக வரும், கிரீன் கார்டுக்காரர்கள் ஒருமுறை விண்ணப்பிக்க வேண்டும். இதைச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களை விண்ணப்பிக்க வைத்தேன்.

இன்னொன்று, யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது நகரின் தேர்தல் ஆணைய இணையதளத்தில் பெயரோடு வெளியாகும். அலுவலகத்தில் மேனேஜர் பார்த்தால் என்ன ஆகும் என்று ஒரு நண்பர் தயங்கினார், அவருடைய தயக்கத்தில் நியாயம் இருந்தது, நான் வற்புறுத்தவில்லை. முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை. பொதுப் பணம் எங்கே போகிறது என்பது பொதுவில் தெரிய வேண்டும் என்பதையும் நான் ஏற்கிறேன், ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை முதலில் கொடுப்பது பயந்து வாழ்கிறவர்கள்தான்.

எங்கள் வேட்பாளர் ஆகஸ்ட் பிரைமரியில் தோற்றுப்போனார். அதற்கப்புறம் அக்டோபரில் நடந்ததைப் பார்த்து இந்த ஊரே அதிர்ந்தது. அமேசான் நிறுவனம் வணிகச் சங்கத்தின் தேர்தல் குழுவுக்கு ஒரே அடியில் சுமார் 10 லட்சம் டாலர் கொடுத்தது, அதற்கு முன் கொடுத்ததையும் சேர்த்தால் 15 லட்சம். பின்னணி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 2018 மே மாதம் பெரிய நிறுவனங்களுக்கு, ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு 275 டாலர் வீதம் வரி என்று கவுன்சில் ஒருமனதாக நிறைவேற்றி, நிறுவனங்கள் எதிர்த்ததும் ஒரு மாதத்துக்குள் அதையே ரத்து செய்தது. 25 டாலர் சீட்டுகளைத் திரட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த 10 லட்சம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வவுச்சர் இதைத் தடுக்காது. தனிக் குழுக்கள் வேட்பாளரோடு சேராமல் தாங்களாகச் செலவழிப்பதற்கு வரம்பு போட முடியாது என்று 2010-இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதிராளி அதிகம் செலவழித்தால் பொதுப் பணத்தையும் ஏற்றித் தரலாமே என்றால், அரிசோனா மாநிலம் அப்படிச் செய்ததை 2011-இல் அதே நீதிமன்றம் அடித்துவிட்டது. ஆகவே சியாட்டிலில் இருப்பது ஒரே வழி: எதிர்ப்பக்கச் செலவு வரம்பைத் தாண்டினால், வவுச்சர் வேட்பாளர் தன் வரம்பிலிருந்து விலக்குக் கேட்கலாம். அந்த ஆண்டு பலர் கேட்டார்கள். புனேயில் பிறந்து மும்பையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்த, அப்போது கவுன்சிலராக இருந்த க்ஷமா சாவந்த், இப்படித்தான் நடக்கும் என்று எதிர்பார்த்து வவுச்சர் திட்டத்துக்குள்ளேயே வராமல் சிறு நன்கொடைகளைத் திரட்டி நின்றார். கடைசியில் ஏழு வார்டு இடங்களில் வணிகச் சங்கக் குழு ஆதரித்தவர்கள் இரண்டில்தான் ஜெயித்தார்கள், சாவந்தும் ஜெயித்தார். வவுச்சரால் ஜெயித்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அவ்வளவு பெரிய தொகையைப் பார்த்து மக்களுக்கு வந்த கோபம் பெரிய காரணம். ஆனால் அந்தக் கோபத்தை வாக்காக மாற்ற ஒவ்வொரு வார்டிலும் ஏற்கெனவே கதவு தட்டிப் பழகிய ஆட்கள் இருந்தார்கள், அந்தப் பழக்கத்தைக் கொடுத்ததில் வவுச்சருக்குப் பங்கு உண்டு. 2020 ஜனவரியில், வெளிநாட்டவர் பங்கு ஓர் அளவுக்கு மேல் இருக்கும் நிறுவனங்கள் நகரத் தேர்தலில் பணம் போடக் கூடாது என்று கவுன்சில் சட்டம் கொண்டுவந்தது.

திட்டத்தின் உண்மையான பலவீனம் என்று நான் நினைப்பது வேறு. வவுச்சர் வந்தவர்களில் பத்தில் ஒருவர் கூட அதைப் பயன்படுத்துவதில்லை. பழைய நன்கொடையாளர்களோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு, அவர்களை விட ஏழைகளும் இளைஞர்களும் அதிகம், எல்லாம் சரி. ஆனாலும் வவுச்சர் வந்த எல்லோரோடும் ஒப்பிட்டால், பயன்படுத்துகிறவர்களில் வயதானவர்கள், வசதியானவர்கள், எப்போதும் ஓட்டுப் போடுகிறவர்கள்தான் கூடுதல். கவர் அனுப்பினால் போதாது, ஆள் போக வேண்டும், அந்தந்த மொழி பேசுகிற ஆள். பொது நிதி கேட்டுப் போராடுகிற எந்த ஊர்க்காரருக்கும் நான் சொல்வது, சட்டம் எழுதும்போதே மக்களிடம் எடுத்துச் சொல்வதற்கான பணத்தையும் அதில் எழுதுங்கள்.

நியூயார்க் மாதிரி சிறு நன்கொடைக்கு எட்டு மடங்கு அரசு சேர்த்துத் தருகிற முறை நல்லதில்லையா என்று கேட்பார்கள். நல்லதுதான், பெரிய நகரத்தில் வேலை செய்கிறது. ஆனால் அதில் முதலில் பத்து டாலர் உங்கள் சட்டைப்பையிலிருந்து வர வேண்டும். மாதக் கடைசியில் பத்து டாலர் இல்லாத வீடுகளைக் கண்ணால் பார்த்த பிறகு எனக்கு வவுச்சர்தான் பிடிக்கிறது.

வரி கட்டுகிறவர்கள் இருவர், எங்கள் பணத்தில் நாங்கள் விரும்பாத வேட்பாளர் பேசுவதா என்று வழக்குப் போட்டார்கள். 2019 ஜூலையில் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது, அமெரிக்க உச்ச நீதிமன்றமும் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் பத்தாண்டு முடிந்து 2025 ஆகஸ்டில் மறுபடி வாக்கெடுப்பு வந்தபோது, ஆண்டுக்கு 45 லட்சம் டாலராக உயர்த்தி மக்கள் இன்னொரு பத்தாண்டுக்கு நீட்டித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், பஸ் பயணிகள் சங்கம் நடத்திய கேட்டி வில்சன் வவுச்சர் பணத்தோடு நின்று, பதவியிலிருந்த மேயர் புரூஸ் ஹாரெலைச் சுமார் 2,000 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

ஏழு வார்டுகளுக்கும் சேர்ந்த அடுத்த வழக்கமான தேர்தல் 2027-இல். கிரீன் கார்டு வாங்கி நகர எல்லைக்குள் குடியிருப்பவர்கள், பக்கத்து ஊர்களான பெல்வியூ, ரெட்மண்ட் கணக்கில் வராது, முன்கூட்டியே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். வீடு மாறியிருந்தால் முகவரியை மாற்றுங்கள், கவர் பழைய வீட்டுக்குப் போய்விடும். பிப்ரவரியில் நகராட்சி கவர் வந்தால் பிரித்துப் பாருங்கள். யாருக்குக் கொடுப்பது என்று உடனே முடிவு செய்ய வேண்டியதில்லை, இரண்டு மூன்று பேர் வீட்டுக்கு வரட்டும், உட்காரவைத்துக் கேளுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.